பாட்டில் மூவரின் உழைப்பு, நான்காமவரின் பணம்: ஒப்பந்தத்தில் முதலில் எதை எழுத வேண்டும்?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். நான் மதுரையில் வசிப்பவன். பகலில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநர் வேலை, மற்ற நேரத்தில் பாடல் எழுதுவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் சேர்ந்து தனிப்பாடல் ஒன்றை வெளியிட்டோம். மெட்டும் இசைக்கோப்பும் ஒரு நண்பருடையவை, வரிகள் என்னுடையவை, பாடியவர் எங்களுடன் கல்லூரியில் படித்த தோழி. நான்காமவருக்கு இசை தெரியாது. ஆனால் ஒலிக்கூட வாடகை, வயலினும் தவிலும் வாசித்தவர்களின் ஊதியம், மிக்ஸிங், காணொளிப் படப்பிடிப்பு என ஏறத்தாழ 85,000 ரூபாயைத் தன் கையிலிருந்து போட்டவர் அவரே. எழுத்தில் எதுவும் இல்லை. "வருவதை நாலு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வோம்" என்று ஒரு தேநீர்க் கடையில் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான். யூடியூப் கணக்கு இசையமைத்த நண்பரின் பெயரில் இருக்கிறது.

இப்போது சென்னையிலுள்ள ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் அந்தப் பாடலைத் தன் படத்தில் அப்படியே பயன்படுத்த விரும்பி, இசையமைத்த நண்பருக்கு மட்டும் இரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. பாடலின் எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக அதில் இருக்கிறது. மெட்டு தன்னுடையது, கணக்கும் தன் பெயரில், ஆகவே தன் கையெழுத்தே போதும் என்கிறார் அவர். பணம் போட்டவரோ, தான் இல்லாவிட்டால் பதிவே நடந்திருக்காது, எனவே பதிவு தனக்கே சொந்தம் என்கிறார். தோழி எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமலிருப்பதுதான் எனக்கு அதிக வருத்தத்தைத் தருகிறது.

அவர் ஒருவரே பாடலைக் கொடுத்துவிட முடியுமா? தேநீர்க் கடைப் பேச்சுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? அடுத்து ஐந்து பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பைத் தொடங்கவிருக்கிறோம், அதற்கு முன்பே கூட்டு ஒப்பந்தம் ஒன்று எழுதிவிட வேண்டும் என்பதில் மட்டும் நால்வருக்கும் ஒரே கருத்து. ஓர் அமெரிக்க இணையதளத்திலிருந்து இறக்கிய பங்கீட்டுத் தாள் ஒன்றை நண்பர் காட்டுகிறார். பெயர்களையும் சதவீதங்களையும் நிரப்பிக் கையெழுத்திட்டால் போதுமாம். உண்மையிலேயே அது போதுமா?

ஒலிக்கூடத்து ஆள்

சாலிகிராமத்தில் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுப் பொறியாளராக இருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பங்கீட்டுத் தாள் நல்ல பழக்கம். பாடகர் ஒலிவாங்கியின் முன் நிற்பதற்கு முன்பே அதில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பாட்டு பிரபலமான பிறகு கேட்டால், பல்லவியில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னவர்கூடத் தன்னைப் பாடலாசிரியர் என்பார்.

எனக்கே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒரு சிறு ஆடியோ நிறுவனத்துக்காக நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஆறு பாடல்களை முடித்துக்கொடுத்தோம். இசைக்கோப்பு முழுவதும் நண்பருடையது. வெளியானபோது அவர் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு, பேசிய தொகையைத்தான் தந்துவிட்டோமே, பெயர் போடுவதாக எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள். எங்கும் எழுதியிருக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தனிக் கோப்புகளையும், அதாவது ஸ்டெம்களையும், கடைசிப் பணம் கைக்கு வரும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை. நடைமுறையில் ஹார்டு டிஸ்க் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்பது என் கருத்து. வழக்கறிஞர்கள் யாராவது இருந்தால் மறுக்கலாம்.

கருப்பு அங்கி

மறுக்கத்தான் வருகிறேன், ஆனால் பாதியை மட்டும். ஹார்டு டிஸ்க்கை வைத்திருப்பது பேரத்தில் வலிமை தரும், உரிமை தராது. யூடியூப் கணக்கும் அப்படியே. கணக்கு யாருடையது என்பதையும் பாட்டு யாருடையது என்பதையும் நண்பர் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் நால்வரிடையே உள்ள குழப்பம் முழுவதும், பாட்டு என்பது ஒரே பொருள், அதை நான்கு துண்டாக வெட்டலாம் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அப்படிப் பார்ப்பதில்லை. இசைப் படைப்பு என்பதற்கு அது தரும் வரையறையில், இசையோடு பாடப்படவோ பேசப்படவோ வேண்டிய சொற்கள் சேராது என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே மெட்டு ஓர் இசைப் படைப்பு, அதன் முதல் உரிமையாளர் உங்கள் நண்பர். வரிகள் தனியான இலக்கியப் படைப்பு, அதன் முதல் உரிமையாளர் நீங்கள். பதிவு செய்யப்பட்ட ஒலி மூன்றாவது சொத்து. தோழியின் குரலும், வயலின், தவில் கலைஞர்களின் வாசிப்பும் நிகழ்த்துநர் உரிமை என்ற வேறொரு தலைப்பில் வருகின்றன. நீங்கள் எடுத்த காணொளிக்கும் தனி உரிமை உண்டு. ஒரே கூரையின் கீழ் ஐந்து அடுப்புகள் எரிகின்றன.

இதனால்தான் அந்த அமெரிக்கத் தாள் உங்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. அந்நாட்டுச் சட்டத்தில், பிரிக்க முடியாதவையாகவோ ஒன்றையொன்று சார்ந்தவையாகவோ உள்ள பங்களிப்புகளை ஒரே முழுமையாக்கும் நோக்கத்துடன் படைத்தால் அது கூட்டுப் படைப்பாகிவிடும். ஆகவே வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டை இருவரின் ஒரே உடைமையாகக் கொண்டு சதவீதம் போடலாம். கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே தனியுரிமையற்ற உரிமம் (ஒருவருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாத பயன்பாட்டு அனுமதி) கொடுத்துவிட்டு, வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும் என்பது அங்குள்ள பொது விதி. நம் சட்டத்தின் 2ஆம் பிரிவிலோ, ஒருவரின் பங்களிப்பு மற்றவரின் பங்களிப்பிலிருந்து பிரித்தறிய முடியாததாக இருந்தால்தான் அது கூட்டுப் படைப்பு. இருவர் அருகருகே அமர்ந்து ஒரே மெட்டை உருவாக்கினால் அந்த மெட்டு அப்படிப்பட்டது. நீங்கள் எழுதி அவர் இசையமைத்தது அப்படிப்பட்டதன்று. உண்மையான கூட்டுப் படைப்பிலும், மற்றவரின் இசைவின்றி ஒருவர் மட்டும் உரிமம் வழங்க முடியாது என்பதே இங்கு பம்பாய் உயர்நீதிமன்றம் 2008இல் எடுத்த நிலை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பதிப்புரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றித் தருபவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை, ஆகவே உங்கள் வரிகள் இன்னும் உங்களுடையவை. நண்பர் அந்த இரண்டு பக்கத்தில் கையெழுத்திட்டால் மாறுவது அவருடைய மெட்டு மட்டுமே. வரிகளோடு கூடிய பதிவை அப்படியே படத்தில் வைக்க நிறுவனத்துக்கு உங்கள் இசைவும் வேண்டும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: இத்தகைய ஒப்பந்தங்களில், உரிமை முழுவதும் தனக்கே சொந்தம் என்று கொடுப்பவர் உறுதிமொழி தருவதாகவும், பின்னர் எவரேனும் உரிமை கோரினால் நட்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். அது இந்தத் தாளிலும் இருந்து, அவர் படிக்காமல் கையெழுத்திட்டால், உங்களைவிட அவருக்கே ஆபத்து அதிகம்.

தேநீர்க் கடைப் பேச்சு வெறும் காற்று அன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். வாட்ஸ்அப் செய்திகளோ, இதுவரை யூடியூபில் வந்த சிறு தொகையை நான்காகப் பிரித்து அனுப்பிய வங்கிப் பதிவுகளோ இருந்தால், வருமானத்தைச் சமமாகப் பகிர்வதாக வாக்குக் கொடுத்தீர்கள் என்று நிறுவ முடியும். ஆனால் அந்த வாக்கு பணத்தைப் பற்றியது. உங்கள் வரிகளில் கால் பங்கு பணம் போட்டவருக்குப் போய்விட்டது என்றோ, மெட்டில் கால் பங்கு உங்களுக்கு வந்துவிட்டது என்றோ அதற்குப் பொருள் கிடையாது. கூட்டு ஒப்பந்தம் எழுதும்போது உடைமை பற்றிய பத்தியையும் வருமானம் பற்றிய பத்தியையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை, '25 சதவீதம்' என்று மட்டும் எழுதி, எதில் 25, செலவு கழித்தா கழிக்காமலா, எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டதால் வந்தவை.

அந்த ஆங்கிலத் தாளில் 'நிரந்தரமாக' என்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் 'பிரபஞ்சம் முழுவதற்கும்' என்றும் எழுதும், செவ்வாய்க் கிரகத்தில் திரையரங்கு கட்டுகிறார்களோ என்னவோ. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே, நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே செல்லும் என்று சட்டம் கொள்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் குறிப்பிடுவது அதனால்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத நிலையில், அது காலாவதியாகிவிடும். அந்த ஓராண்டை நீட்டும் சொற்றொடர் ஏதேனும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமானது 2012இல் வந்த திருத்தம். அதற்கு முன்னர், உச்ச நீதிமன்றத்தின் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி, படத்துக்காகப் பணம் பெற்று எழுதியவரும் இசையமைத்தவரும் தயாரிப்பாளரிடம் எல்லாவற்றையும் இழந்துவிடுவதே வழக்கமாக இருந்தது. மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் வாதாடி வந்த திருத்தம், உரிமையையே மாற்றித் தந்தாலும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆக்கியது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது மட்டும் இதற்கு விலக்கு. படத்தில் சேராத தனிப்பாடல் ஒலிப்பதிவுகளுக்கும் இதேபோன்ற காப்பு உண்டு. ஆகவே 'ராயல்டி எதுவும் கோரமாட்டேன்' என்று உங்களிடம் எழுதி வாங்கினாலும் அந்த வரி செல்லாது. ஆனால் சட்டம் தந்த பணம் தானாக வீடு தேடி வராது. 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்ற இசைப் படைப்பாளர் சங்கத்தில் நீங்களும் இசையமைத்த நண்பரும் உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்தால்தான் வானொலி, மேடை, இணையம் ஆகியவற்றிலிருந்து வருவதில் உங்கள் பங்கு கணக்கில் ஏறும். அச்சகத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பாட்டின் பெயரையும் உங்கள் பெயரையும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பதியுங்கள்.

ஐந்தரைக் கட்டை

தோழி பேசவில்லை என்று எழுதியதைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது. நானும் பாடகிதான். படங்களுக்கு டிராக் (முதன்மைப் பாடகர் பாடுவதற்கு முன் வழிகாட்டியாகப் பதியும் குரல்) பாடியிருக்கிறேன், சில தனிப்பாடல்களும் உண்டு. பாடுபவர் வரியும் எழுதவில்லை, மெட்டும் போடவில்லை, பணமும் போடவில்லை என்பதால் கூட்டத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருப்பதும், கடைசியில் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும்போது "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவதும் எங்களிடையே வழக்கம். உங்கள் தோழியும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

மேலே சொல்லப்பட்ட 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தனியாக ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். நம் நாட்டில் பாட்டின் உயிர் பாடுபவரின் குரலில் இருக்கும்போது, சட்டம் அவரை அறவே மறந்துவிட்டதே என்பது அதன் சாரம். அதன்பின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம்வரை பாடுபவருக்கென்று சட்டத்தில் தனி உரிமை இல்லை. இப்போது நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு, பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையும் உண்டு. பாடகர்களுக்கென 2013இல் இஸ்ரா என்ற சங்கமும் ஏற்பட்டது.

ஆகவே உங்கள் ஐந்து பாடல்களுக்கான ஒப்பந்தத்தில் தோழியின் பத்தியை அவரையே வைத்து எழுதுங்கள். அதில் ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு செய்த குரலைக் கொண்டு கணினியில் அவர் பாடாத பாட்டைப் பாடவைப்பது இன்று எளிது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் 2024இல் செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஒரு படப் பாடலில் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். எல்லாரும் அவ்வாறு கேட்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பதிவைத் தவிர வேறெதற்கும் அவர் குரலைக் கணினியில் உருவாக்கவோ, அதைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவோ கூடாது என்று உங்கள் நால்வருக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதியிருந்தால், நீங்கள் உரிமம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அந்தக் கட்டுப்பாட்டைக் கடத்த முடியும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. கருப்பு அங்கி ஐயாவின் பதிலை அச்செடுத்து நேற்று நால்வரும் உட்கார்ந்து படித்தோம். நண்பர் கையெழுத்திடவில்லை. நிறுவனத்திடம், நால்வரும் சேர்ந்து உரிமம் தருகிறோம், உரிமை மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. தோழியிடம் கடைசிப் பதிலைக் காட்டியபோது சிரித்தார். பிறகு, தவில் வாசித்தவருக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். யாரும் அவரை நினைக்கவே இல்லை.

ஒரே சிக்கல் பணம் போட்டவர். பழைய பதிவும் இனி வரும் ஐந்து பதிவுகளும் தன் பெயரில் இருக்க வேண்டும் என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறதா என்று எனக்கே தெளிவில்லை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் ஒலிக்கூடத்தின் வாசலைத் தாண்டியிருக்க மாட்டோம்.

கருப்பு அங்கி

அவர் கேட்பது முற்றிலும் அநியாயம் அன்று. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, அதை உருவாக்குவதில் முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது, அவரே அந்தப் பதிவின் படைப்பாளராகக் கருதப்படுகிறார். பணம் கொடுத்தது மட்டும் பொறுப்பு ஆகிவிடாது. கலைஞர்களை அமர்த்தியது யார், ஒலிக்கூடத்தைப் பேசி முடித்தது யார், பதிவு சரியில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னது யார் என்பதெல்லாம் பார்க்கப்படும். பழைய பாட்டில் இசையமைத்தவரும் அவரும் இந்த வேலைகளைப் பகிர்ந்து செய்திருந்தால், நீதிமன்றத்தில் அதைப் பிரித்துப் பார்க்க ஆகும் செலவு அந்த 85,000ஐ விழுங்கிவிடும். வழக்குக்குப் போகாமல், பழைய பதிவின் உரிமை இன்ன விகிதத்தில் இன்னாருக்கு என்று நால்வரும் கையெழுத்திட்டு முடித்துக்கொள்வதே நல்லது.

புதிய ஐந்து பாடல்களுக்கு நான் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: பதிவின் உரிமை நால்வருக்கும் பொது. முதலில் வரும் பணம் முழுவதும் பில் வைத்த செலவு அடையும்வரை அவருக்கே போகும். அதன்பின் நால்வருக்கும் பங்கு, அவருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் தவறில்லை. வரியும் மெட்டும் எழுதியவரிடமே இருக்கும், அவற்றுக்கான ராயல்டி இந்தப் பொதுக் கணக்கில் சேராது. பதிவைப் பயன்படுத்த உரிமம் தர நால்வரின் இசைவும் வேண்டும், ஆனால் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் பதில் சொல்லாதவர் இசைந்ததாகக் கொள்ளப்படும். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. ஒருவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டு மின்னஞ்சலைத் திறக்காததால் நல்ல வாய்ப்பு கைநழுவிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே, நீங்கள் கூட்டாளிகள் அல்லர் என்றும், ஒருவர் மற்றவருக்காகக் கடன் வாங்கவோ வாக்குக் கொடுக்கவோ முடியாது என்றும் எழுதுங்கள். நால்வர் சேர்ந்து தொழில் செய்து இலாபத்தைப் பகிர்ந்தால், நடப்பதைப் பார்த்து 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்கீழ் அதைக் கூட்டு நிறுவனம் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் ஒருவர் தொழிலுக்காக வைத்த கடனுக்கு நால்வரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஒப்பந்தத்தில் எழுதுவது மட்டும் போதாது, நடந்துகொள்வதும் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும்.

பதிப்புரிமை பதிவு செய்தால்தான் உண்டாகும் என்பதில்லை. ஆனாலும் சான்றுக்கு உதவும். வரிகளுக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். ஒப்பந்தத்தை உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதுங்கள், இல்லாவிட்டால் சான்றாகக் காட்டும் நாளில் தண்டத்தொகை கட்டிய பிறகே ஏற்பார்கள். உரிமை மீறலுக்கு நீங்கள் வசிக்கும் ஊரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறுவனத்தின் தாளில் 'சென்னை நீதிமன்றங்கள் மட்டுமே' என்று இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

தவில் கலைஞரைப் பற்றித் தோழி கேட்டது சரியான கேள்வி. அவரும் சட்டப்படி நிகழ்த்துநர்தான். வயலின் வாசித்தவருக்கும் அவருக்கும், பெற்ற தொகை, பதிவு பயன்படும் விதம், பெயர் குறிப்பிடப்படும் இடம் ஆகிய மூன்றையும் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பாட்டுக்கும் இதைச் செய்யலாம். படத்தில் வருவதானால் அவர்களுக்கு எவ்வளவு தருவது என்பதை, அவர்களிடம் போவதற்கு முன் நீங்கள் நால்வரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.